போன கரண்ட் திரும்பி வர வேண்டும்

முதலில் ஒரு புதிர். இருட்டில் ஒரு கார் நிற்கிறது. பார்க் லைட் போட்டாயிற்று. பின்பக்கத்துச் சிவப்பு விளக்குகள் இரண்டும் ஒழுங்காக எரிகின்றன. பிரேக்கை மிதித்ததும் வலது விளக்கு பளிச்சென்று கூடுகிறது. இடது விளக்கோ அணைந்துபோகிறது. காலை எடுத்தால் மறுபடி எரிகிறது. புதுப் பல்பு போட்டுப் பார்த்தாலும் அதே கதைதான். ஃப்யூஸ்களில் ஒன்றுகூடப் போகவில்லை. மல்டிமீட்டரை எடுத்து இடது விளக்குக்கு வரும் பிரேக் வயரைத் தொட்டால் 12 வோல்ட் இருக்கிறது. பார்க் வயரைத் தொட்டால் அங்கும் 12 வோல்ட். ஒரு வயரில் கரண்ட் வந்தபோது எரிந்த பல்பு, இரண்டு வயரிலும் வரும்போது எரிய மாட்டேன் என்கிறது.

தொழிற்சாலையில் செய்த காரில் இந்தக் கோளாறு பத்துப் பதினைந்து வருடம் மழையிலும் சேற்றிலும் ஓடித் துருப்பிடித்த பிறகு வரும். வீட்டு கராஜில் கையால் கூட்டிய கிட் காரில், சாவியைத் திருப்பிய முதல் நாளே வரலாம். வயரிங் செய்தவருக்குக் கை பழகவில்லை என்று பழியை அவர் தலையில் போட்டுவிட முடியாது. அந்தக் காரின் உடம்பே வேறு.

கிட் கார் என்பது பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர்களின் பைத்தியம். 1957-இல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் ‘செவன்’ என்ற சின்னஞ்சிறு திறந்த காரைக் கொண்டுவந்தது. அன்றைய பிரிட்டனில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் கிடையாது. ஆகவே பலர் காரைப் பெட்டிகளில் வாங்கிப்போய் வீட்டில் பூட்டிக்கொண்டார்கள். பூட்டுவதற்கான குறிப்பேட்டைத் தரக் கூடாது என்று வரி விதி இருந்ததாகவும், சாப்மன் காரைப் பிரிப்பதற்கான குறிப்பேட்டைத் தந்து, கடைசியிலிருந்து படித்துக்கொள்ள விட்டதாகவும் ஒரு கதை இன்றும் உலவுகிறது. 1973-இல் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது; பாகங்களாக வாங்குவதில் இருந்த லாபமும் போயிற்று. அதே வருடம் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் கைக்கு மாறியது. லாபம் போனாலும் பழக்கம் போகவில்லை. 1996-இல் ரான் சாம்பியன், 250 பவுண்டுக்குள் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று அட்டையிலேயே அறிவித்து ஒரு புத்தகம் எழுதினார். சதுரக் குழாய்களை வெல்டு செய்து சேஸிஸ், பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றிலிருந்து இன்ஜினும் கியர்பாக்ஸும். அதைப் படித்துவிட்டு வெல்டிங் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம்.

இப்படி இன்ஜினையும் அச்சையும் கொடுத்துவிட்டுச் சாகும் பழைய காரை டோனர் என்பார்கள். இப்போது பிரிட்டனில் மாஸ்டா எம்எக்ஸ்-5 அதற்குப் பேர்போனது. டோனரிலிருந்து கடைசியில் உருவி எடுப்பது வயரிங் ஹார்னஸ். கராஜ் தரையில் நீட்டிப் போட்டால் ஒரு முனையில் ஹெட்லைட் கனெக்டர், மறு முனையில் நம்பர் பிளேட் விளக்கு. நடுவில் கருப்பு டேப் சுற்றிய தடித்த கட்டு. பவர் விண்டோ இல்லை, சென்ட்ரல் லாக் இல்லை, கதவே இல்லாத கார்களும் உண்டு. ஆகவே வேண்டாத வயர்களை உருவிக் கட்டை இளைக்க வைப்பது முதல் வேலை. ஒவ்வொரு கனெக்டரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதி, டேப்பைக் கிழித்துக்கொண்டே போவார்கள்.

அங்கேதான் முதல் கண்ணி இருக்கிறது. ஹார்னஸில் ஒரு வயர் ஒரு கனெக்டரில் தொடங்கி இன்னொன்றில் முடிகிறது என்று நினைப்போம். உண்மையில் கட்டின் நடுவே, டேப்புக்கு அடியில், நாலைந்து வயர்களை ஒன்றாக நசுக்கிய கிரிம்ப் முடிச்சுகள் இருக்கும். ரேடியோவுக்குப் போகும் கருப்பு வயர் அப்படி ஒரு முடிச்சில் மீட்டருக்கும் இண்டிகேட்டருக்கும் போகும் கருப்பு வயர்களோடு சேர்ந்திருக்கலாம். ரேடியோ வேண்டாம் என்று அந்த வயரை முடிச்சோடு வெட்டி எடுத்தால் மற்ற இரண்டுக்கும் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, போய்விடும். வயரின் நிறத்தைப் பார்த்து ஊகிப்பதற்கும் எல்லை உண்டு. பழைய பிரிட்டிஷ் கார்களில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் இல்லாமல் நேராக வருவது, வெள்ளை என்றால் இக்னிஷன் போட்டால் வருவது, பச்சை அதே இக்னிஷன் கரண்ட் ஃப்யூஸ் வழியாக வருவது, கருப்பு எர்த். ஜெர்மன் கார்களில் பழுப்புதான் எர்த்! பிரிட்டிஷ் ஹார்னஸில் ஜெர்மன் ஸ்விட்சைக் கோப்பவர், நிறத்தை மறந்துவிட்டு ஸ்விட்சில் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். டின் 72552 என்ற ஜெர்மன் தரத்தின்படி 30 என்றால் பேட்டரி, 15 என்றால் இக்னிஷன், 31 என்றால் எர்த், 50 என்றால் ஸ்டார்ட்டர். ரிலேயின் அடியில் 85, 86, 87 என்றிருப்பதும் இந்தத் தரத்தின் எண்கள்தான். ரிலே எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் அநேகமாக அவையே இருக்கும்.

இனி அந்த ‘வேறு உடம்பு’ விஷயம். காரில் ஹெட்லைட்டுக்கு ஒரு வயர்தான் தூரத்திலிருந்து வருகிறது. மின்சுற்று என்றால் போகும் வழி ஒன்று, திரும்பும் வழி ஒன்று வேண்டும். திரும்பும் வழிக்கு இரும்பு பாடியையே பயன்படுத்திக்கொள்கிறார்கள். யோசனை தந்தியிலிருந்து வந்தது. 1838-இல் ஜெர்மனியில் கார்ல் ஆகஸ்ட் ஃபான் ஸ்டைன்ஹைல், தந்திக்கு இரண்டாவது கம்பி தேவையில்லை, மண்ணே போதும் என்று கண்டுகொண்டார். கார்காரர்கள் மண்ணுக்குப் பதிலாக பாடியை வைத்துக்கொண்டார்கள். இரும்பு தாமிரத்தைவிட ஆறு முதல் பத்து மடங்கு மோசமான கடத்திதான். ஆனால் கார் பாடியின் குறுக்குப் பரப்பு எந்த வயரையும்விடப் பல நூறு மடங்கு பெரியது. ஆக, சுற்றின் பாதி கண்ணுக்குத் தெரியாமலே இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

கிட் காரில் அந்தப் பாதி கிடையாது. மூக்கும் மட்கார்டும் ஃபைபர் கிளாஸ். அதில் மின்சாரம் பாயாது. சேஸிஸ் இரும்புதான், ஆனால் அழகாகப் பவுடர் கோட்டிங் செய்தது. அந்தப் பூச்சு நல்ல மின்காப்பு. எஸ்கார்ட்டில் போல்ட்டு போட்டு இறுக்கியதாலேயே எர்த் கிடைத்த விளக்கு, ஃபைபர் மட்கார்டில் அதே போல்ட்டில் உட்கார்ந்தும் அந்தரத்தில் தொங்குகிறது. டோனர் ஹார்னஸில் அந்த விளக்குக்கு எர்த் வயரே இருக்காது; தேவைப்பட்டிருக்கவில்லை. கிட் கார் கட்டுபவர் போகும் வயர்களை எண்ணி எண்ணிச் சரிபார்ப்பார். வராத வயர் ஒன்று வர வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தோன்றும்?

பேட்டரியை முதன்முதலாக இணைக்கும் தருணத்துக்கு வருவோம். கார் பேட்டரியின் உள்தடை சில மில்லிஓம்தான். எங்காவது ஒரு வயர் தோலுரிந்து சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருந்தால் பல நூறு ஆம்பியர் பாயும். ஃப்யூஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருக்க முடியாது. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் பாக்ஸ் வரை வரும் வயருக்குப் பல கார்களில் ஃப்யூஸ் இல்லை. இதற்கு அனுபவசாலிகள் செய்யும் ஏற்பாடு, என் கணக்கில், இந்தத் தொழிலின் மிக அழகான சோதனை: பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வைப்பது.

டங்ஸ்டன் இழையின் குணம் இது: எரியும்போது அதன் தடை 7 ஓமுக்குச் சற்றுக் குறைவு, ஆறிக் கிடக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். சூடு ஏற ஏறத் தடையும் ஏறும். வயரிங் ஒழுங்காக இருந்து, கடிகாரம் போன்ற சில்லறைச் செலவு மட்டும் இருந்தால், சிறிய கரண்ட் ஆறிய இழை வழியாகத் தடங்கலின்றிப் போய்விடும், பல்பு எரியாது. எங்காவது ஷார்ட் இருந்தால் 12 வோல்ட்டும் பல்பின் மேல் விழும். இழை சூடாகித் தன் தடையைத் தானே உயர்த்திக்கொண்டு, கரண்டை ஒன்றே முக்கால் ஆம்பியரில் நிறுத்திவிடும். பல்பு முழுசாக எரிந்தால் ஷார்ட் இருக்கிறது, ஆனால் எந்த வயரும் கருகவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஹார்னஸை இடம் இடமாக அசைத்துப் பார்க்கலாம். ஓரிடத்தில் அசைத்தபோது பல்பு மங்கினால் தேடியது அங்கே இருக்கிறது.

ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகும் கோளாறுக்கும் இதே வித்தைதான். 10 ஆம்பியர் ஃப்யூஸ் 10 ஆம்பியரில் போகாது. அதற்கு இரட்டிப்பான கரண்ட் பாய்ந்தால் ஐந்து விநாடிக்குள் உருகும். பெட்டி பெட்டியாக ஃப்யூஸ் வாங்கி எரிப்பதற்குப் பதில், ஃப்யூஸ் இருந்த இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டிவிட்டு, அந்தச் சுற்றிலுள்ள கனெக்டர்களைப் பிரிக்கத் தொடங்க வேண்டும். வரிசையாகப் பிரிக்க வேண்டாம், நடுவிலிருந்து பிரிக்கலாம். பல்பு அணைந்தால் கோளாறு அந்தப் பக்கம், அணையாவிட்டால் இந்தப் பக்கம். பதினாறு துண்டுகளாகப் பிரியும் சுற்றானாலும் நாலாவது சோதனையில் ஒரே துண்டு மிஞ்சும்.

ஷார்ட் முரடன், தன்னைக் காட்டிக்கொண்டுவிடுவான். வம்பு செய்வது மோசமான இணைப்பு. இங்கேதான் மல்டிமீட்டர் பலரை ஏமாற்றுகிறது.

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை சுமார் 10 மெகாஓம். 12 வோல்ட்டை அளக்கும்போது அது சுற்றிலிருந்து உறிஞ்சுவது ஒன்றேகால் மைக்ரோஆம்பியர்கூட இல்லை. வழியில் துருப்பிடித்து 1000 ஓம் தடை கொண்ட ஒரு முனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீட்டரின் கரண்டுக்கு அங்கே இழப்பு ஆயிரத்தில் ஒரு வோல்ட் அளவுதான். திரையில் 12.0 என்றே காட்டும். அதே முனை வழியாக 55 வாட் பல்பை எரியவைக்கப் பார்த்தால் ஒரு பொறிகூட வராது. மரப்பாலத்தை எறும்பு கடந்துவிட்டது என்பதற்காக லாரியை ஏற்றும் கதை இது. கீச்சென்று கத்தும் கன்டினியூட்டி சோதனையும் அப்படித்தான். பல மீட்டர்கள் சில பத்து ஓம் தடை இருந்தாலும் ‘தொடர்பு இருக்கிறது’ என்று கத்திவிடும். ஓம் அளவையில் வைத்தாலும் பயனில்லை. ஒரு ஹெட்லைட்டைக் கெடுக்க அரை ஓம் போதும், மீட்டரின் இரண்டு புரோப் வயர்களுக்கே கிட்டத்தட்ட அந்த அளவுத் தடை உண்டு.

கரண்ட் ஓடாத வயரைப் பற்றி மீட்டர் சொல்வதை நம்பாதே என்பதுதான் இந்த அத்தியாயத்தின் சாரம் என்று வைத்துக்கொள்ளலாம். இதே தொல்லையை, தடையின் அலகுக்குப் பெயர் தந்த கியோர்க் ஓம் அனுபவித்திருக்கிறார். அவர் முதலில் வோல்ட்டா அடுக்குகளை வைத்துச் சோதனை செய்தபோது, கரண்ட் எடுக்க எடுக்க அடுக்கின் அழுத்தமே சரிந்துகொண்டிருந்தது, கணக்கு ஒட்டவில்லை. இயற்பியலாளர் பொகென்டார்ஃப் சொன்ன யோசனைப்படி பிஸ்மத்–தாமிர வெப்ப இணைக்கு மாறி, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்த பிறகுதான் நிலையான அழுத்தம் கிடைத்தது. 1827-இல் வெளியான அவர் நூலுக்கு அந்த அளவுகளே அடிப்படை. 1845-இல், 21 வயது மாணவராக இருந்த குஸ்தாவ் கிர்க்காஃப் அடுத்த அடியை எடுத்துவைத்தார்: ஒரு மூடிய சுற்றில் எங்கெங்கே எத்தனை வோல்ட் செலவாகிறதோ, அதையெல்லாம் கூட்டினால் பேட்டரி கொடுத்தது வர வேண்டும். வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும்.

காரில் இதைச் செய்துபார்ப்பது ஐந்து நிமிட வேலை. மங்கலாக எரியும் ஒரு ஹெட்லைட்டை எடுத்துக்கொள்வோம். விளக்கை எரியவிட்டபடியே அளக்க வேண்டும். பிளக்கைக் கழற்றக் கூடாது, பின்பக்கமாக ஊசி முனையை நுழைக்கலாம். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே 12.4 வோல்ட். பல்பின் இரண்டு கால்களுக்கு நடுவே 9.1. மிச்சம் 3.3 வோல்ட் எங்கோ தொலைகிறது. இப்போது ஒரு புரோப்பைப் பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதைப் பல்பின் உயிருள்ள காலிலும் வைத்தால் 0.4. ஸ்விட்ச், ரிலே, ஃப்யூஸ், நாலு மீட்டர் வயர் எல்லாம் சேர்ந்து இவ்வளவு எடுப்பது நியாயம்தான்; ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிர வயருக்கு மீட்டருக்கு 17 மில்லிஓம் தடை, நாலு மீட்டரில் ஐந்து ஆம்பியர் ஓடினால் அதுவே 0.3 வோல்ட்டைத் தின்னும். அடுத்து ஒரு புரோப் பேட்டரி நெகட்டிவில், மற்றது பல்பின் எர்த் காலில்: 2.9 வோல்ட்! எர்த் என்று நாம் நம்பிக்கொண்டிருந்த இடம் எர்த்தே இல்லை. பேட்டரி நெகட்டிவைவிடக் கிட்டத்தட்ட மூன்று வோல்ட் மேலே நிற்கிறது.

இழந்தது வோல்ட்டில் கால் பங்குதான். ஆனால் டங்ஸ்டன் விளக்கின் ஒளி அழுத்தத்தின் மூன்றரை மடி அளவில் ஏறி இறங்கும்; 9.1 வோல்ட்டில் எரியும் பல்பு 12 வோல்ட்டில் தரும் ஒளியில் 40 சதவீதம்தான் தரும். போன வோல்ட் சும்மா போகவில்லை. நாலு ஆம்பியர் ஓடும் இடத்தில் 2.9 வோல்ட் விழுந்தால் அங்கே 11 வாட்டுக்கு மேல் சூடு கிளம்புகிறது. விளக்கைச் சிறிது நேரம் எரியவிட்டு, எர்த் லக்குகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனால் குற்றவாளி சுடுவான். பிரித்துப் பார்த்தால் பழைய கதை: பவுடர் கோட்டிங்கின் மேலேயே லக்கை வைத்து இறுக்கியிருக்கிறார்கள், போல்ட்டின் மரையில் எங்கோ ஓரிடம் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்ததால் இத்தனை நாள் மினுக்கியது. பூச்சைச் சுரண்டி வெற்று இரும்பைக் காட்டி, பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கி, அதன் பிறகு மேலே கிரீஸ் தடவ வேண்டும். பொறுமை உள்ளவர்கள் சேஸிஸை நம்புவதே இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு பித்தளைக் கட்டைகளில் சேர்த்து, அங்கிருந்து தடித்த கேபிளைப் பேட்டரிக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள்.

இந்த அறிவோடு முதலில் சொன்ன புதிரின் இடது விளக்குக்கு வரலாம். அதிலிருப்பது 21/5 வாட் பல்பு. ஒரே கண்ணாடிக்குள் பிரேக்குக்கு 21 வாட் இழை, பார்க்குக்கு 5 வாட் இழை. இரண்டுக்கும் தனித்தனி வரும் வழி. திரும்பும் வழி மட்டும் பொது, பல்பின் பித்தளை உடம்பு. அந்தப் பொது எர்த் அறுந்துவிட்டது. இப்போது பார்க் லைட்டைப் போட்டால் கரண்ட் 5 வாட் இழை வழியாக உள்ளே வருகிறது. வெளியேற எர்த் இல்லை. ஆனால் இன்னொரு கதவு திறந்திருக்கிறது: 21 வாட் இழை. அதன் வழியாகப் பின்னோக்கி ஏறி, பிரேக் வயருக்குப் போய், அங்கிருந்து வலது பக்கத்து பிரேக் இழைக்குள் இறங்கி, வலது பக்கத்தின் நல்ல எர்த்தில் சேர்ந்துவிடுகிறது. வழியில் குறுக்கிட்ட இரண்டு 21 வாட் இழைகளும் ஆறிக் கிடப்பவை. 5 வாட் இழையின் 29 ஓமுக்கு முன்னால் அவற்றின் தடை ஒரு பொருட்டே இல்லை. ஆகவே இடது பார்க் விளக்கு ஏறத்தாழ முழு வெளிச்சத்தோடு எரிகிறது. பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது.

பிரேக்கை மிதித்ததும் பிரேக் வயருக்கும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. இடது பல்பின் ஒரு முனையில் 12, மறு முனையிலும் 12. வித்தியாசம் பூஜ்யம், கரண்ட் எந்தப் பக்கமும் நகராது, விளக்கு அணைகிறது. பகலில் பார்க் லைட் போடாமல் பிரேக்கை மிதித்தால் இன்னொரு வேடிக்கை: கரண்ட் 21 வாட் இழை வழியாக வந்து, 5 வாட் இழையில் பின்னோக்கிப் போய், பார்க் வயரிலுள்ள மற்ற விளக்குகள் வழியாக எர்த் தேடுகிறது. இடது பக்கம் பிரேக் லைட்டுக்குப் பதில் மங்கலான பார்க் லைட் எரியும். ஒரு எர்த் வயர் அறுந்ததற்கு எத்தனை நாடகம்! இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து கண்சிமிட்டுவது, ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் மீட்டரின் முள் துள்ளுவது எல்லாம் இந்தக் குடும்பத்து நோய்கள்தான். மீட்டர்களும் விளக்கும் ஒரே மோசமான எர்த்தைப் பகிர்ந்துகொள்ளும்போது, விளக்கின் கரண்ட் அந்த எர்த்தை அரை வோல்ட் தூக்கிவிடும். முள்ளுக்கு இன்ஜின் சூடும் தெரியாது, ஹெட்லைட்டும் தெரியாது, வோல்ட் மட்டும்தான் தெரியும்.

பழைய பிரிட்டிஷ் கார்க்காரர்கள் மின்கருவிகள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் ஸ்தாபகருக்கு ‘இருட்டின் இளவரசர்’ என்று பட்டம் கட்டிக் கேலி செய்வார்கள். என் அபிப்பிராயத்தில் அந்தப் பழியில் ஒரு பங்கு துருப்பிடித்த எர்த்துக்குச் சேர வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் மிக ஆபத்தானது இன்ஜினின் எர்த். இன்ஜின் ரப்பர் மவுண்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸுக்கும் அதற்கும் மின்தொடர்பு, சடைபோல் பின்னிய ஒரு தாமிரப் பட்டை மட்டும்தான். கிட் காரில் கடைசி நேரத்தில் மறந்துபோகும் பொருட்களில் இது ஒன்று. ஸ்டார்ட்டர் நூறு, நூற்றைம்பது ஆம்பியர் கேட்கும். பட்டை இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு இரும்பால் ஆன வேறு எந்த இணைப்பு இருக்கிறதோ அதன் வழியாகப் பாயும். அது பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் கேபிள். மெல்லிய எஃகுக் கம்பியில் நூறு ஆம்பியர்! சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகும், கேபிளின் பிளாஸ்டிக் உறையிலிருந்து புகை வரும், சில சமயம் உள்ளே கம்பி ஒட்டிக்கொண்டு ஆக்சிலரேட்டர் திறந்தபடி சிக்கும். பேட்டரி வீக் என்று நினைத்துப் புதுப் பேட்டரி போடுபவர் கேபிளை இன்னும் வேகமாகச் சுடுவார். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு மீட்டரை வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுப் பார்த்தால் கால் வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

வந்து வந்து போகும் கோளாறுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, பொறுமைதான் வேண்டும். ஒன்று மட்டும். சாலிடர் வைத்தால் கிரிம்பைவிடக் கெட்டி என்று பலர் நம்புகிறார்கள். உருகிய ஈயம் வயரின் இழைகளுக்குள் ஊறி ஏறி, எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு விறைத்த முனையை உண்டாக்கிவிடும். இன்ஜின் அதிர்வில் வயர் அந்த இடத்தில் மடங்கி மடங்கி, மேல் தோல் முழுசாக இருக்க உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறும். கார்த் தொழிற்சாலைகள் ஹார்னஸின் முனைகளைச் சரியான கருவியால் நசுக்குவதோடு நிறுத்திக்கொள்வது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல.

எல்இடி வந்த பிறகு புது மாதிரிக் கோளாறுகள் முளைத்திருக்கின்றன. இவற்றில் வயர் எதுவும் அறுந்திருக்காது, எர்த் எல்லாம் கச்சிதமாக இருக்கும். கிர்க்காஃப் கணக்கும் ஒத்துப்போகும். பழைய சுற்று, பல்பின் இழையை வெறும் விளக்காக மட்டும் பார்க்கவில்லை. சில இடங்களில் அதை ஒரு தடையாகவும் வேலை வாங்கியிருக்கிறது. பல்பை எடுத்துவிட்டு எல்இடியைப் போட்டால் அந்த இரண்டாவது வேலையைச் செய்ய ஆள் இல்லை.

உதாரணம், டேஷ்போர்டில் இடது, வலது இரண்டு இண்டிகேட்டருக்கும் பொதுவாக இருக்கும் ஒற்றை அடையாள விளக்கு. அதன் ஒரு கால் இடது சுற்றிலும் மறு கால் வலது சுற்றிலும் இணைந்திருக்கும். தனி எர்த்தே கிடையாது. இடது இண்டிகேட்டர் போட்டால் கரண்ட் அடையாள விளக்கு வழியாக வலது பக்கத்து ஆறிய இழைகளுக்குள் இறங்கி எர்த் சேரும். 21 வாட் இழைக்கு அந்தச் சொற்பக் கரண்ட் காணாது, அது எரியாது. கிட் கார்காரர் நாலு மூலையிலும் எல்இடி போட்டதும், அந்தச் சொற்பக் கரண்டே அவற்றுக்குத் தாராளம். எந்தப் பக்கம் போட்டாலும் நாலும் சேர்ந்து மின்னும். ஸ்விட்சைக் கழற்றி, ஃப்ளாஷரை மாற்றி, ஹார்னஸைப் பிரித்து அலைந்தாலும் தீராது. கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு இடதிலிருந்து ஒன்று, வலதிலிருந்து ஒன்று, இரண்டும் அடையாள விளக்கின் ஒரே காலில் சேர, மறு காலை எர்த்தில் கொடுத்தால் முடிந்தது.

சார்ஜ் விளக்கும் இப்படித்தான். இக்னிஷன் போட்டதும் சிவப்பாக எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணையும் அந்த 2.2 வாட் பல்பு எச்சரிக்கைக்கு மட்டும் வைத்ததல்ல. ஆல்டர்னேட்டரின் சுழலும் சுருளுக்குத் தொடக்கத்தில் காந்த சக்தி கொடுக்கும் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது, சுமார் 0.18 ஆம்பியர். டேஷ்போர்டு அழகுக்காக அங்கே எல்இடி வைத்தால் அந்தக் கரண்டில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. ஆல்டர்னேட்டர் தூங்கும், இன்ஜினை நன்றாக முறுக்கினால் சில சமயம் விழித்துக்கொள்ளும், சில சமயம் பேட்டரி தீரும்வரை விழிக்காது. எல்இடிக்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று வைத்தால் போதும். இன்ஜினைக் கிளப்பாமல் இக்னிஷனை மட்டும் போட்டு வைத்திருந்தால் அது இரண்டு வாட் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும் என்பதால், ஹார்னஸ் கட்டுக்குள் டேப் சுற்றிப் புதைக்காமல், காற்றுப் படும் இடத்தில் தகட்டோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டுவிட வேண்டும்.